ஏழு காசும் ஒரு சிரிப்பும்

எழுத்துலகில் ஓர் உலா



ஓர் ஏழை வீடு. அழுக்குத் துணி குவிந்து கிடக்கிறது. துவைக்கச் சவர்க்காரம் இல்லை. சவர்க்காரம் வாங்க ஏழு காசு வேண்டும். அந்த ஏழு காசு வீட்டில் இல்லை.

வேறொரு தாயாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். இந்தத் தாயோ சிறு மகனைப் பக்கத்தில் அழைத்துக் காசு தேடுவதையே ஒரு விளையாட்டாக ஆக்கிவிடுகிறாள். தையல் யந்திரத்தின் இழுப்பறையில் மூன்று காசு அகப்படுகிறது. கண்ணாடி அலமாரியில் ஒன்று, அப்பாவின் உடுப்புப் பையில் ஒன்று, பையனுடைய பையிலேயே ஒன்று. ஆறு சேர்ந்துவிட்டது. ஏழாவது மட்டும் கண்ணில் படவில்லை. தேடித் தேடிப் பொழுதும் சாய்ந்துவிடுகிறது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பிச்சைக்காரக் கிழவன் வந்து கை நீட்டுகிறான். "மத்தியானத்திலிருந்து நானே ஒரு காசுக்குப் பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஐயா!" என்னும் பொருள்படச் சொல்லித் தாய் சிரிக்கிறாள். விவரம் கேட்ட கிழவன், தன் பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான்!

ஏழும் கிடைத்தாயிற்று. ஆனால் இருட்டிவிட்டது. இனித் துவைக்க வெளிச்சம் வேண்டும். விளக்குக்கு எண்ணெய் இல்லை. அதை நினைத்துத் தாய்க்கு மீண்டும் சிரிப்பு வருகிறது. அடக்க முடியாத சிரிப்பு. சிரிப்பு இருமலாகிறது. தாங்கிப் பிடித்த மகனின் கையில் வெதுவெதுப்பாக ஏதோ படுகிறது. அது அவள் இரத்தம்.

கதை அவ்வளவுதான். அச்சில் சில பக்கங்கள்கூட இராது. 1908-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டில் வெளிவந்த இந்தச் சிறுகதை, அதை எழுதியவரை ஒரே நாளில் அந்நாட்டின் முன்னணி எழுத்தாளர் ஆக்கிவிட்டது. 'ஏழு காசு' என்பது கதையின் பெயர். எழுதியவர் மோரிட்ஸ் ஷிக்மொண்ட். இந்த இதழில் நாம் சந்திக்கப்போகிறவர் அவர்தாம்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னும் தம் சொந்தப் பெயரைப் பின்னும் எழுதுவார்கள். மோரிட்ஸ் என்பது குடும்பப் பெயர்; ஷிக்மொண்ட் என்பதே பெற்றோர் இட்ட பெயர். ஹங்கேரிய மொழி தன் அண்டை நாட்டு மொழிகளான ஜெர்மன், ருமேனியம் முதலியவற்றோடு உறவில்லாதது. தொலைவிலுள்ள பின்லாந்து மொழியோடு உறவுடையது. அந்த மொழிக்குள்ளேயே அடைந்து கிடந்ததால்தானோ என்னவோ, அதன் பெரிய எழுத்தாளர்கள் பலரை வெளியுலகம் தாமதமாகவே தெரிந்துகொண்டது.

கூரை வீட்டுப் பிள்ளை

ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில், திஸா ஆற்றங்கரைப் பகுதியில் திஸாசேச்செ என்று ஒரு சிற்றூர் உண்டு. மோரிட்ஸ் 1879-ஆம் ஆண்டில் அங்கே பிறந்தார். அந்தக் காலத்தில் ஹங்கேரி தனி நாடு அன்று. ஆஸ்திரியாவோடு சேர்ந்து ஒரே மன்னரின் ஆட்சியில் இருந்தது. திஸாசேச்செயில் அவருடைய நினைவு இல்லமாக இன்று காட்டப்படுவது வைக்கோல் வேய்ந்த ஒரு சின்னஞ்சிறு குடியானவன் வீடு.

தந்தை பாலிந்த் உழவர் குடியில் பிறந்தவர், உழைப்பாளி, எப்படியாவது மேலே வந்துவிட வேண்டும் என்ற வேகம் உள்ளவர். தாய் எர்ஷெபெத், சீர்திருத்தத் திருச்சபைப் பாதிரியார் மரபில் வந்தவர். படிப்பின் அருமை தெரிந்தவர். ஒரு பக்கம் மண், மறு பக்கம் ஏடு. இந்த இரண்டு குலங்களுக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைதான் பிற்காலத்தில் மண்ணை ஏட்டில் ஏற்றினார்.

தந்தையின் வேகமே குடும்பத்தைக் கவிழ்த்தது. தொழிலில் துணிந்து இறங்கினார், நொடித்துப் போனார். இருந்ததை இழந்து, பிறந்த ஊரை விட்டுக் குடும்பம் வெளியேற நேர்ந்தது. சிறுவன் ஷிக்மொண்ட் சில காலம் உறவினர் வீட்டில் வளர்ந்தான். உறவினர் வீட்டுச் சோறு எப்படி இருக்கும் என்பதை அந்த வயதிலேயே அவன் தெரிந்துகொண்டான். தம் வாழ்வின் முதல் பத்தாண்டுகளை அறுபதாவது வயதில் 'என் வாழ்க்கைக் கதை' என்ற பெயரில் அவர் எழுதினார். அத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒன்றையும் அவர் மறக்கவில்லை.

ஆனால் தாய் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளை படிக்க வேண்டும்! 1891-இல் ஷிக்மொண்ட் டெப்ரெட்சென் நகருக்கு அனுப்பப்பட்டான். அங்கே 1538-இல் தொடங்கப்பட்ட, நாடறிந்த சீர்திருத்தத் திருச்சபைக் கல்லூரி இருந்தது. பள்ளிப் பிள்ளைகளும் அங்கேயே தங்கிப் படித்தார்கள். பிறகு ஷாரோஷ்பதோக் என்னும் ஊரில் படிப்பு; மதிப்பெண்கள் சரிந்தன. கடைசியில் தாய்மாமன் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் சேர்ந்து, 1899-இல் பள்ளியிறுதித் தேர்வில் தேறினார். பாதிரியார் படிப்பில் சேர்ந்தார், விட்டார். சட்டம் படித்தார், அதையும் விட்டார். 1900-இல் தலைநகர் புடாபெஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். 1903-இல் ஒரு நாளிதழில் வேலை கிடைத்தது.

பாட்டுத் தேடிப் போனவர்

இந்தக் காலத்தில்தான் அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஓர் இலக்கியச் சங்கத்தின் சார்பில், தாம் பிறந்த வட்டாரத்தில் நாட்டுப்பாடல்களும் கதைகளும் சேகரிக்கும் வேலை. கையில் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தார். பாட்டைத் தேடிப் போனவர் பாடுகிறவர்களைக் கண்டுகொண்டார். அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்குப் பொய் சொல்கிறார்கள், கடன்காரன் வந்தால் எப்படி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் குறிப்பேட்டில் ஏறின. கேட்டதைக் குறித்துக்கொள்ளும் அந்தப் பழக்கம் கடைசி நாள்வரை அவரை விட்டுப் போகவில்லை.

அதற்கு முன்னும் ஹங்கேரியில் பெரிய எழுத்தாளர்கள் இல்லாமல் இல்லை. யோகாய் மோர் (1825 - 1904) வீரமும் காதலும் விளங்கும் பெருங்கதைகளை எழுதிப் புகழடைந்தவர். மிக்சாத் கால்மான் (1847 - 1910) கிராமத்து மனிதர்களைக் குறும்போடும் கனிவோடும் தீட்டியவர். இவர்கள் எழுத்தில் வரும் கிராமம் படிக்க இனிக்கும். ஆனால் நிலமெல்லாம் பெரும் பண்ணையார்களிடமும் திருச்சபையிடமும் குவிந்து கிடக்க, அறுவடைக் கூலியை நம்பி இலட்சக்கணக்கானவர்கள் வாழ்ந்த நாடு அது. அந்தக் கூலியாளின் வயிறு எப்படி எரிந்தது என்பதை முழுதாகச் சொல்ல ஒருவர் வரவேண்டியிருந்தது.

மோரிட்ஸும் முதலில் பழைய தடத்திலேயே நடந்தார். ஆண்டுக்கணக்கில் எழுதியும் அவர் எழுத்து யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கவில்லை. 1905-இல் ஹோலிச் யாங்கா என்ற பெண்ணை மணந்தார். பச்சிளம் ஆண் குழந்தையைப் பறிகொடுக்கும் துயரம் அந்த வீட்டுக்கு வந்தது. அந்தத் துயரத்தின் பின்னே பிறந்ததுதான் 'ஏழு காசு'. அழுது எழுத வேண்டிய நேரத்தில் சிரிப்பை வைத்து எழுதினார். கண்ணீரைவிட அந்தச் சிரிப்புத்தான் படிப்பவரின் நெஞ்சைப் பிழிகிறது.

அந்த 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் புடாபெஸ்ட்டில் 'நியுகாத்' என்ற இலக்கிய இதழ் தோன்றியிருந்தது. 'மேற்கு' என்பது அந்தச் சொல்லின் பொருள். ஐரோப்பாவின் புதிய இலக்கியக் காற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுவர விரும்பிய இளைஞர்களின் இதழ் அது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஓஷ்வாத் எர்னோ, நல்ல எழுத்தை மோப்பம் பிடிப்பதில் வல்லவர். 'ஏழு காசு' அந்த இதழில் வெளிவந்தது. புதுக்கவிதைக்கு வழிகாட்டிய கவிஞர் ஆடி எந்த்ரே மோரிட்ஸுக்கு நெருங்கிய நண்பரானார். கவிதைக்கு ஆடி, உரைநடைக்கு மோரிட்ஸ் என்று சொல்லும் நிலை உருவாயிற்று. அப்போது மோரிட்ஸுக்கு வயது 29.

யாரும் கவனிக்காத சாவு

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1909-இல், 'துயர நாடகம்' என்றொரு கதை எழுதினார். அதைப் படித்தவர் பல நாள் சரியாகச் சாப்பிட முடியாது.

கதாநாயகன் பெயர் கிஷ் யானோஷ். 'கிஷ்' என்றால் 'சின்ன' என்று பொருள். பெயரைப் போலவே ஆளும் சின்னவன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று என்று ஊர் நினைக்கும் கூலியாள். ஊர்ப் பெரிய மனிதர் மகள் திருமணத்தை முன்னிட்டு வேலையாட்களுக்கும் விருந்து போடப்போவதாகச் செய்தி வருகிறது. வாழ்நாளெல்லாம் பசித்த கிஷ் யானோஷுக்கு ஒரு வெறி பிறக்கிறது. தின்று தின்றே அந்தப் பணக்காரனின் சொத்தை அழித்துவிட வேண்டும்! உழைப்பை உறிஞ்சியவனைப் பழிவாங்க அவனுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் தன் வயிறு.

விருந்து நாளும் வருகிறது. உட்கார்ந்து தின்கிறான். பசித்தே பழகிய வயிறு சிறிது நேரத்தில் நிறைந்துவிடுகிறது. ஆனாலும் விடுவதாக இல்லை. போரில் இறங்கிய வீரனைப் போல மேலும் மேலும் திணிக்கிறான். கடைசியில் ஒரு துண்டு இறைச்சி தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. மூச்சு முட்டி இறந்து போகிறான். அவன் உயிரோடிருந்ததை யாரும் கவனித்ததில்லை. அவன் செத்ததையும் யாரும் கவனிக்கவில்லை.

இந்தக் கதையில் ஏழையைத் தூக்கி வைத்துப் பாராட்டும் பேச்சு இல்லை. கிஷ் யானோஷ் நல்லவன் அல்லன், அறிவாளியும் அல்லன். வீட்டில் மனைவி மக்களிடம் அன்பு காட்டுகிறவனும் அல்லன். பசி ஒரு மனிதனை எவ்வளவு சிறியவனாக்கும் என்பதை ஆசிரியர் மறைக்காமல் காட்டுகிறார். ஏழைகளை உண்மையாக நேசித்தவர் என்பதால்தான் அவர்களைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

1910-இல் வந்த 'சேற்றுப் பொன்' என்ற நாவலும் இப்படித்தான். அதன் நாயகன் துரி தானி அழகும் ஆற்றலும் மிக்க இளம் குடியானவன். அவனிடம் பொன்னும் இருக்கிறது, சேறும் இருக்கிறது. எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதைப் படித்த பலர் முகம் சுளித்தார்கள். நம் கிராமத்தார் இப்படியா என்று கொதித்தார்கள்.

போரும் பழியும்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. மோரிட்ஸ் நிருபராகப் போர்முனைக்குப் போனார். திரும்பி வந்தவர் 1916-இல் 'ஏழைகள்' என்ற கதையை எழுதினார். விடுமுறையில் வீட்டுக்கு வந்த ஒரு சிப்பாய். வீட்டில் கடனும் வறுமையும். பணத்துக்காக ஒரு வீட்டில் திருடப் போகிறான். அங்கே இருந்த இரண்டு சிறு பெண்களைக் கொன்றுவிடுகிறான். கொல்வதற்கு அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? போர்முனையில் பதக்கம் வாங்கித் தரும் செயல், ஊருக்குள் தூக்குமரத்துக்குக் கொண்டுபோவது எப்படி? போர் நடந்துகொண்டிருக்கும்போதே இப்படிக் கேட்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

போரில் தோற்ற நாடு சிதறியது. 1919-இல் சில மாதங்கள் பொதுவுடைமை ஆட்சி நடந்தது. நிலமில்லாதவர்க்கு இனி விடிவு வரும் என்று மோரிட்ஸ் நம்பினார். கூட்டுறவுப் பண்ணைகளை நேரில் பார்த்துவந்து கட்டுரைகள் எழுதினார். அந்த ஆட்சி கவிழ்ந்தது. வந்தவர்கள் அவரைச் சும்மா விடவில்லை. காவலில் வைத்து விசாரித்தார்கள். பத்திரிகைகள் தூற்றின. நாடக அரங்கின் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. நேற்றுவரை கைகுலுக்கியவர்கள் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த நாளில் அவர் எழுதிய நாவல்தான் 'சாகும்வரை நல்லவனாக இரு'. 1920-இல் 'நியுகாத்' இதழில் வெளிவந்தது. அவருடைய நூல்களில் ஹங்கேரியக் குடும்பங்கள் மிகவும் நேசித்த நூல் இதுவே.

கதை நடப்பது டெப்ரெட்சென் கல்லூரியில். நாயகன் நிலாஷ் மிஷி என்னும் சிறுவன். ஏழை வீட்டுப் பிள்ளை, நன்றாகப் படிப்பவன், பெரியவனானதும் கவிஞனாக வேண்டும் என்று நெஞ்சுக்குள் ஆசை வைத்திருப்பவன். ஒரு நாள் அம்மா அனுப்பிய பொட்டலம் வருகிறது. அவன் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அறைத் தோழர்கள் அதைப் பிரித்து எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடுகிறார்கள். ஒருவன், பூசிக்கொள்வதற்காக வைத்திருந்த களிம்பைக்கூட வெண்ணெய் என்று நினைத்து ரொட்டியில் தடவித் தின்றுவிடுகிறான்! படிக்கும்போது சிரிப்பு வரும். அம்மா கட்டி அனுப்பியதில் ஒரு வாய்கூடக் கிடைக்காத பிள்ளையை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

மிஷி நாள்தோறும் கண் தெரியாத ஒரு முதியவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டிச் சில காசு சம்பாதிக்கிறான். ஒரு நாள் அவர் லாட்டரியில் சில எண்களைக் கட்டிவரச் சொல்லிப் பணம் கொடுக்கிறார். கட்டுகிறான். அந்தச் சீட்டு காணாமல் போகிறது. பார்த்தால் அந்த எண்களுக்கே பரிசு விழுகிறது! சீட்டை எடுத்துக்கொண்டவன் தளுக்குப் பேச்சுக்கார இளைஞன் ஒருவன். பணத்தோடு ஒரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். பழி சிறுவன் தலையில் விழுகிறது. ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து அவனைக் குற்றவாளியைப் போல விசாரிக்கிறார்கள். அவன் சொல்லும் உண்மை அவர்கள் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்களா என்பதே அந்தப் பிள்ளைக்கு விளங்காத புதிராக இருக்கிறது.

முடிவில் அவன் குற்றமற்றவன் என்பது தெரிகிறது. ஆனால் மிஷிக்கு அந்தக் கல்லூரி வேண்டாம் என்றாகிவிட்டது. அங்கே இனி மாணவனாக இருக்கமாட்டேன் என்று உதறிவிடுகிறான். மாமா வந்து அழைத்துப் போகிறார்.

இது தாம் சிறுவனாயிருந்தபோது பட்ட பாடு மட்டும் அன்று, 1919-க்குப் பிறகு பட்ட பாடே இக்கதையில் இருக்கிறது என்று மோரிட்ஸ் பின்னர் சொல்லியிருக்கிறார். நாற்பது வயது மனிதர் தம் மேல் விழுந்த பழியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றிக் காட்டினார். தமக்காக வாதாடியிருந்தால் எதிரிகள் கேட்டிருக்கமாட்டார்கள். குழந்தைக்காகப் பேசியபோது அவர்களின் பிள்ளைகளே அந்த நூலைப் படித்து அழுதார்கள்.

பெற்றோரும் ஆசிரியர்களும் இந்த நூலை ஒரு முறையாவது படிக்க வேண்டும். பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அவன் சொல்வதை முழுதாகக் கேட்டோமா என்ற எண்ணம் தானாக வரும்.

சொந்த வீட்டில் கேட்காத குரல்

பிறர் துன்பத்தை இவ்வளவு நுட்பமாகக் கேட்டவர், தம் வீட்டுக்குள் எப்படி இருந்தார்? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் நாம் எழுதுவது வாழ்க்கை வரலாறாக இராது, புகழ்மாலையாகிவிடும்.

யாங்கா அறிவும் தன்மானமும் மிக்க பெண்மணி. விர்ராக், ஜியோஞ்சி, லிலி என்று மூன்று பெண் மக்கள். கணவர் பெயரில்லாமல் இருந்த நாளில் வறுமையைத் தாங்கி வீட்டை நடத்தியவர் யாங்காவே. மோரிட்ஸின் பல கதைப் பெண்களிடம் யாங்காவின் சாயல் இருப்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஆனால் புகழ் வந்த பிறகு கணவரின் மனம் வேறு திசையில் போயிற்று. ஷிமோன்யி மாரியா என்ற நடிகையிடம் ஈடுபாடு ஏற்பட்டது. வீட்டில் பூசல் வளர்ந்தது. 1925-ஆம் ஆண்டில் யாங்கா தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு மோரிட்ஸ் அந்த நடிகையை மணந்தார். அந்த மணமும் நிலைக்கவில்லை, 1937-இல் பிரிந்தார்கள். 2010 முதல் அவருடைய நாட்குறிப்புகள் தொகுதி தொகுதியாக அச்சில் வந்திருக்கின்றன. மனைவியோடு நடந்த பேச்சுகளையும் சண்டைகளையும்கூட அவர் எழுதி வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட மனிதர், குறித்ததைக் கேட்டு நடந்திருந்தால் ஒரு பெண் பிழைத்திருப்பாளோ என்று படிப்பவர் மனம் கேட்காமல் இராது. இதனால் அவர் எழுத்தின் மதிப்புக் குறைந்துவிடாது. எழுத்து பெரிதாக இருப்பதனால் அவர் செய்த தவறு சிறிதாகிவிடவும் ஆகாது.

இடைவாரும் உறவினர்களும்

1929-இல் ஓஷ்வாத் மறைந்த பின், கவிஞர் பாபிட்ஸ் மிஹாயுடன் சேர்ந்து 'நியுகாத்' இதழின் ஆசிரியப் பொறுப்பை மோரிட்ஸ் ஏற்றார். 1933 வரை நடத்தினார். ஊர் ஊராகப் போய்ப் புதிய எழுத்தாளர்களைத் தேடினார். அவருடைய ஆற்றல் உச்சத்தில் நின்ற காலம் அது.

அப்போது எழுதிய 'காட்டுமிராண்டிகள்' என்ற கதை ஹங்கேரியச் சிறுகதைகளில் தலையாயது என்பார்கள். பரந்த புல்வெளி. போத்ரி என்னும் இடையன் தன் மகனோடும் முந்நூறு ஆடுகளோடும் தங்கியிருக்கிறான். அவன் இடுப்பில் பித்தளைக் குமிழ் பதித்த அழகான தோல்வார். ஆடுகளுக்கும் அந்த வாருக்கும் ஆசைப்பட்ட வேறு இடையர்கள் தந்தையையும் மகனையும் அடித்துக் கொன்று புதைத்துவிடுகிறார்கள். மனைவி புல்வெளியெல்லாம் அலைந்து தேடிக் கடைசியில் உடல்களைக் கண்டெடுக்கிறாள்.

கொலைகாரன் பிடிபடுகிறான். வேறு பல குற்றங்களை ஒப்புக்கொள்கிறான். இதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணை முடிந்து வெளியேறக் கதவருகே போகிறான். கதவுக் கைப்பிடியில் அந்தத் தோல்வாரைத் தொங்கவிட்டிருக்கிறார் நீதிபதி. அதைக் கண்டதும் அவன் கால் நகரவில்லை. உடைந்து போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். காட்டுமிராண்டிகள் என்று நீதிபதி நினைக்கிறார். ஆனால் அந்த மனிதர்களைப் பள்ளியும் சட்டமும் எட்டாத புல்வெளியில் அப்படியே விட்டு வைத்தது யார்? ஆசிரியர் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை.

'உறவினர்கள்' என்ற நாவல் நகரத்து வாழ்வைப் பற்றியது. கொப்யாஷ் என்னும் நேர்மையான மனிதர் திடீரென்று நகராட்சியின் தலைமை வழக்கறிஞர் ஆகிறார். அதுவரை எட்டிப் பார்க்காத உறவினர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்குகிறார்கள். ஒருவருக்கு வேலை, ஒருவருக்குக் கடன், ஒருவருக்குச் சிபாரிசு. ஊழலை ஒழிக்க வந்தவர், சொந்தங்களுக்கு 'இல்லை' என்று சொல்ல முடியாமலும், வசதியான புது வீட்டின் மேல் வந்த ஆசையாலும் அடியடியாகச் சேற்றில் இறங்குகிறார். முடிவில் துப்பாக்கியை எடுத்துத் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறார். புகழ்பெற்ற இயக்குநர் சபோ இஷ்த்வான் இதை 2006-இல் திரைப்படமாக்கினார். 1932-இல் நூலாக வந்த கதை அத்தனை ஆண்டுகள் கழித்தும் பழசாகவில்லை என்றால், அதற்குக் காரணம் நாவலின் சிறப்பு மட்டுமா?

பாலத்தில் கண்ட பெண்

1936-இல் ஒரு நாள். புடாபெஸ்ட்டில் டான்யூப் ஆற்றின் மேலுள்ள பாலத்தில் மோரிட்ஸ் ஓர் இளம்பெண்ணைச் சந்தித்தார். லித்கெய் எர்ஷெபெத் என்பது அவள் பெயர். யாருமற்ற அநாதை, அரசாங்கம் வளர்ப்புக்காக வீட்டுக்கு வீடு கொடுத்து வளர்ந்தவள். வாழ்வு வெறுத்த நிலையில் நின்றவள். அவர் அவளுக்கு ஆதரவளித்தார். பின்னர் வளர்ப்பு மகளாக்கிக்கொண்டார். 'சிபே', அதாவது கோழிக்குஞ்சு, என்று பெயரிட்டு அழைத்தார். அவள் தன் கதையைச் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டே இருந்தார்.

அதிலிருந்து பிறந்தது 1941-இல் வந்த 'ஆர்வாச்கா' என்ற நாவல். அந்தச் சொல்லுக்கு ஹங்கேரிய மொழியில் இரண்டு பொருள். ஒன்று, தோட்டத்தில் பூக்கும் ஒரு சிறு மலர். மற்றொன்று, அநாதைக் குஞ்சு. நாவலின் நாயகி ஒரு சிறுமி. அரசாங்கம் மாதந்தோறும் கொடுக்கும் சிறு தொகைக்காக அவளை வளர்க்கிறார்கள். உடுப்புக்கூட இல்லாமல் பசு மேய்க்கிறாள். பிள்ளைத்தனமாக ஒன்றை எடுத்துவிட்டதற்காக, 'பிறர் பொருளைத் தொடாதே' என்று பாடம் கற்பிக்க, நெருப்புக் கங்கை அவள் கையில் வைத்து அழுத்துகிறாள் வளர்ப்புத் தாய். இந்த நூலின் அத்தியாயங்களுக்கு மோரிட்ஸ் இட்ட பெயர் 'சங்கீதம்'. திருச்சபையில் பாடும் சங்கீதங்களின் பெயரைத்தான் ஓர் அநாதையின் அழுகைக்குக் கொடுத்தார்.

முடிவு பனி பெய்யும் கிறிஸ்துமஸ் இரவு. அந்தப் பிள்ளை ஏற்றும் மெழுகுவர்த்தியிலிருந்து வீடு தீப்பற்றிக்கொள்கிறது. வளர்த்தவர்களும் வளர்ந்தவளும் எரிந்து போகிறார்கள். காலையில் எல்லாவற்றின் மேலும் பனி வெள்ளையாக மூடிக் கிடக்கிறது. 1976-இல் ரனோதி லாஸ்லோ என்ற இயக்குநர் இதைத் திரைப்படமாக்கினார்.

கையில் கங்கு பட்ட அந்தச் சிறுமியின் அனுபவம் கற்பனையல்ல. சிபே தன் வாயால் சொன்ன வாழ்க்கையிலிருந்து எடுத்தது. ஊரார் வளர்ப்பில் விட்ட பிள்ளைகளை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை நாட்டின் முன் வைத்த நூல் அது.

கடைசி நாட்கள்

இறுதி ஆண்டுகளில் மோரிட்ஸ் 'கிழக்கின் மக்கள்' என்னும் இதழை நடத்தினார். இளமையில் 'மேற்கு' இதழில் எழுதத் தொடங்கியவர், முதுமையில் கிராமத்து மக்களை நோக்கித் திரும்பியதை இந்த இரண்டு பெயர்களே சொல்லும். டான்யூப் கரையில் லேயான்ஃபலு என்னும் ஊரில் அவருக்கு வீடு இருந்தது. அந்தக் காலத்தில்தான் 'ரோஷா ஷாந்தோர்' என்ற புகழ்பெற்ற கொள்ளைக்காரனைப் பற்றிய பெரு நாவலின் இரண்டு பாகங்களை எழுதினார். அதை மேலும் வளர்க்குமுன், 1942 செப்டம்பரில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு மறைந்தார். வயது 63. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது.

இன்று புடாபெஸ்ட் நகரின் பெரிய வட்டச் சதுக்கங்களுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. டிராம் வண்டிகள் வந்து கூடும் இடம் அது. வேலைக்குப் போகும் மக்கள் நாள்தோறும் அவர் பெயரைச் சொல்லி இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள்.

'சாகும்வரை நல்லவனாக இரு', 'உறவினர்கள்' ஆகிய இரண்டும் ஆங்கிலத்தில் வந்துள்ளன. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நூலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவர்கள் உங்களுக்குக் கதை சொல்லட்டும். அந்த இரண்டும் அகப்படாவிட்டால், இன்றிரவு விளக்கை அணைக்குமுன் 'ஏழு காசு' கதையை நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இழுப்பறையில் மூன்று காசு கிடைத்தது என்ற இடத்திலிருந்து தொடங்கினால் போதும். ஏழாவது காசைப் பிச்சைக்காரர் கொடுத்தார் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதற்கு மேல் சொல்வதா வேண்டாமா என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த இதழில் வேறொரு நாட்டில், வேறோர் எழுத்தாளர் வீட்டு வாசலில் சந்திப்போம்.